மரத்திலிருந்து இறங்கும் மீன்

1

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்குப் பாராட்டு விழா எடுத்த செய்தி காரைக்குடி வரை எட்டிவிட்டதாக அறிகிறேன். தம்பி மகன் தொலைபேசியில் வாழ்த்தினான். உடன் படித்த நண்பர் ஒருவர், அன்று மேடையில் நான் காட்டிய தன்னடக்கத்தைக் கேள்விப்பட்டு நெகிழ்ந்துபோனதாக எழுதியிருக்கிறார். அவருக்கு நன்றி. ஆனால் நான் காட்டியது தன்னடக்கம் அன்று. ஒரு பிழையை ஒப்புக்கொண்டேன். அவையில் இருந்தோர் அதை நம்ப மறுத்தார்கள். செய்தி பாதியாக ஊர் வந்து சேர்ந்திருப்பதால், மீதியை நானே எழுதிவிடுவதுதான் முறை. என் பெயரைப் பற்றிய செய்தி, நல்லதோ கெட்டதோ, பிழையின்றி வழங்கவேண்டும் என்பதில் நான் என்றுமே கண்டிப்பானவன்.

நான் விலங்கியல் படித்தவன். எங்கள் வீட்டில் மற்ற ஆண்களெல்லாம் வணிகத்துக்காகக் கடல் கடந்தார்கள். நான் ஒருவன்தான் இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தக் கோலாலம்பூர் வந்தேன். விலங்குகள் எவ்வாறு நடக்கின்றன, ஏறுகின்றன, ஊர்கின்றன என்பதே என் ஆய்வு. புறப்படும் முன் பெரியப்பாவிடம் ஆசி பெறச் சென்றபோது, அங்கே போய் என்ன செய்வாய் என்று கேட்டார். கிள்ளான் கடலோரத்தில் மரமேறும் மீன் ஒன்று உண்டு, அதைப் பார்ப்பேன் என்றேன்.

“மீனு மரம் ஏறுறதப் பாக்குறதுக்கு ஒருத்தன் சம்பளம் குடுக்குறானா?” என்று கேட்டார் பெரியப்பா.

“கொடுக்கிறார்கள், பெரியப்பா.”

“அப்ப அவனுக்குத்தான் மொதல்ல ஆசீர்வாதம் பண்ணணும்” என்று சொல்லிவிட்டுத் திருநீறு பூசினார்.

2

அம்மீனை மலாய்க்காரர்கள் பெலாச்சாக் என்கிறார்கள். நம் கடற்கரையில் உளுவை என்கிறோமே, அந்த இனம். அடையாற்றின் முகத்துவாரத்தில் மாணவனாக நான் முதன்முதலில் கண்டதும் இதன் உறவுதான். சேற்றில் தத்தித் தத்தி நடக்கும். நீர் ஏறும்போது அலையாத்தி மரங்களின் வேர்களைப் பற்றிக்கொண்டு மேலே ஏறிவிடும். அதன் வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒன்றுசேர்ந்து சிறு கிண்ணம் போல் இருக்கும். கொழகொழத்த வேரின்மீது அக்கிண்ணத்தை மெல்ல அழுத்தும், உள்ளிருக்கும் நீர் வெளியேறும், கிண்ணம் ஒட்டிக்கொள்ளும். பிறகு மார்புத் துடுப்புகளைக் கைகளைப் போல வீசி அடுத்த படிக்குப் போகும். இதைச் சொல்ல நான்கு வரிகள் போதும். காண எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பணி ஓய்வுக்குப் பின்னும் வாரம் ஒருமுறை செல்வதை நான் விடவில்லை. காலைப் பூசை முடித்து, வெள்ளைச் சட்டை அணிந்து, வீட்டிலிருந்து நடந்தே ரயில் நிலையம் செல்வேன். போர்ட் கிள்ளான்தான் அந்தத் தடத்தின் கடைசி நிறுத்தம். அங்கே மீன் ஜெட்டியில், அதாவது மீன் படகுத்துறையில், மணியம் என்பவர் சிறு படகோடு காத்திருப்பார். அவருடைய மனைவி சரசு அதே ஜெட்டியில் மீன் தரம் பிரிக்கும் வேலை செய்கிறார். மணியத்துக்கு ஒரே ஒரு விதி உண்டு. கடல் ஏற்றத்தில் நீர் ஓடைக்குள் ஏறத் தொடங்கும்போது போகவேண்டும். ஏற்றம் நின்றதும் திரும்பிவிட வேண்டும்.

“தண்ணி எறங்க ஆரம்பிச்சா ஓடைக்குள்ள போட் உக்காந்துரும் சார். அப்பறம் அடுத்த தண்ணி வர்ற வரைக்கும் நீங்களும் நானும் கொசுவுக்குச் சாப்பாடு.”

அவ்விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. காட்டுக்குள் செல்லும் அனுமதிப் படிவத்திலும் நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் அதற்கேற்பவே எழுதி வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் காதர் ஹாஜியார் என் உரை ஒன்றைக் கேட்டுவிட்டு வீடு தேடி வந்தார். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம். தந்தையார் கிள்ளானில் துணிக்கடை நடத்தியவர். இவர் கிள்ளானுக்கு அருகே தெலுக் பங்லிமா காராங்கில் ரப்பர் தொழிற்சாலை வைத்திருக்கிறார். மீனின் கிண்ணத்தைக் கடுகளவுக்குச் சுருக்கி, ஆயிரக்கணக்கில் ரப்பர் விரிப்பின்மீது பதித்தால், ஈரமான சாய்தளத்தில் நடப்பவர் கால் வழுக்காது என்பது எங்கள் இருவரின் எண்ணம். ஒன்றரை ஆண்டு முயன்றோம். விரிப்பு வந்தது. முதல் விரிப்பைப் போர்ட் கிள்ளான் மீன் ஜெட்டியிலேயே, படகிலிருந்து கொட்டகைக்கு ஏறும் சாய்பலகையில் விரித்தோம்.

அதற்கு முன் தொழிற்சாலையில் சோதனை நடந்தபோது ஹாஜியார் ஒரு கேள்வி கேட்டார்.

“புரொபசர், ஏறுறதுக்கு சரி. எறங்குறப்போ?”

“இருபது ஆண்டுகளுக்கு மேலாக இம்மீனைப் பார்த்து வருகிறேன், ஹாஜியார். ஏற வல்லது இறங்கவும் வல்லது. ஒன்றுகூட விழுந்து நான் கண்டதில்லை.”

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. நான் சொன்னதையே சுருக்கி, ‘ஏறினாலும் இறங்கினாலும் உறுதி’ என்று துண்டறிக்கையில் அச்சிட்டார். அவ்வரி என்னுடையது. அதன் ஓசை நயத்தில் அன்று எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

3

நான் இங்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள் நிறைவதையும் விரிப்பு வெளிவருவதையும் சேர்த்து, பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் சங்கத்தார் பாராட்டு விழா ஏற்பாடு செய்தார்கள். விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, சங்கச் செயலாளர் கதிரேசன் என்னை ஜெட்டிக்கு அழைத்துச் சென்றார். சாய்பலகையில் நான் நடப்பதைப் படமெடுத்துப் பதாகையில் போட வேண்டுமாம்.

போய்ப் பார்த்தால் விரிப்பின் இடது பாதி முழுவதும் சணல் சாக்குகள். மேலிருந்து கீழ்வரை வரிசையாகப் போட்டு, ஓரங்களில் ஆணி அடித்திருந்தார்கள். என் விரிப்பின் மீது ஆணி! எனக்குச் சினம் வந்ததை மறைக்க விரும்பவில்லை.

“இதை யார் செய்தது? உடனே எடுத்துவிடச் சொல்லுங்கள்” என்றேன்.

மீன் கழுவிக்கொண்டிருந்த சரசு கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தார்.

“அத எடுக்காதீங்க சார். ஏறுறதுக்கு உங்க மேட், எறங்குறதுக்கு எங்க சாக்கு. அப்படித்தான் எல்லாரும் நடக்குறோம்.”

“ஏன்? விரிப்புக்கு என்ன குறை?”

“ஏறுறப்ப நல்லாப் புடிக்குது சார், பொய் சொல்லக் கூடாது. எறங்குறப்பதான். குதிகால் வச்சதும் எண்ணெ தடவுன மாதிரி சர்ருன்னு போயிருது.”

“நீங்கள் மீன் கழுவிய நீரை ஊற்றியிருப்பீர்கள்.”

“மீன் ஜெட்டியில மீன் தண்ணி ஊத்தாம பன்னீரா சார் ஊத்துவோம்?”

பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். கதிரேசன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அக்கா, டாக்டர் யாருன்னு தெரியுமில்ல? பாத்துப் பேசுங்க லா” என்றார். நான் சாக்குகளை அகற்றச் செய்தேன். மேலே ஏறினேன். விரிப்பு என் காலை ஒரு கை பிடிப்பதுபோல் பிடித்தது. மனநிறைவோடு திரும்பி, படத்துக்கு முகத்தைச் சீராக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கினேன்.

இரண்டு அடி வைத்ததும் என் வலக்கை தானாகவே கைப்பிடிக் கம்பியைப் பற்றியது. அதை நான் கவனிக்கவில்லை. சரசு கவனித்தார்.

“சார், கம்பிய விட்டுட்டு எறங்குங்க.”

“எனக்கு வயதாகிவிட்டது அம்மா.”

“ஏறுறப்ப வயசாகலையா சார்?”

இவ்வளவு பேர் பார்க்கும்போது கம்பியைப் பிடித்தபடியே நிற்பது சரியாகாது. கையை எடுத்தேன். குதிகாலை ஊன்றினேன். அது ஊன்றவில்லை, ஒரு முழம் முன்னே ஓடியது. சரசு என் முழங்கையைப் பிடித்திராவிட்டால் நான் மீன் பெட்டிகளின் நடுவே விழுந்திருப்பேன். அவர் என்னை நிறுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். கதிரேசன்தான், “படம் நல்லா வரல டாக்டர், இன்னொரு தரம் ஏறுற மாதிரி மட்டும் எடுத்துக்குவோம்” என்றார். எடுத்தார். அந்தப் படம்தான் பதாகையில் வந்தது.

4

வீட்டுக்கு வந்து, அலமாரியிலிருந்த குறிப்பேடுகள் அனைத்தையும் இறக்கினேன். என் குறிப்பேடுகளைப் பற்றி எனக்குச் செருக்கு உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் நாள், நேரம், வெயில், நீர்மட்டம். நீர்மட்டத்துக்கு நேரே எல்லாப் பக்கங்களிலும் ஒரே சொல் இருந்தது: ஏற்றம். முதல் குறிப்பேட்டிலும் ஏற்றம். கடைசிக் குறிப்பேட்டிலும் ஏற்றம். நீர் ஏறும்போது மீன் மரமேறும். நீர் வடிந்த பிறகுதான் இரைதேடச் சேற்றுக்கு இறங்கும். அப்போது மணியத்தின் படகு ஜெட்டியில் கட்டிக் கிடக்கும்; நான் கிள்ளான் ரயிலில் கண்ணயர்ந்திருப்பேன். மீன் இறங்குவதை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை. ஒன்றும் விழுந்து கண்டதில்லை என்று ஹாஜியாரிடம் சொன்னது உண்மைதான். ஒன்றும் இறங்கியே நான் கண்டதில்லை.

கல்லூரியில் செய்முறைத் தேர்வு ஒன்று நினைவுக்கு வந்தது. கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளைப் பிரித்தெடுத்து வரையவேண்டும். நான் பிரித்தபோது இடப்புறத் தாடை சிதைந்து காணாமற்போயிற்று. தாடைகள் இரண்டு என்பது எல்லோரும் அறிந்தது. ஆகவே இரண்டையும் வரைந்தேன். தேர்வாளர் தட்டைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தார். “கை அச்சுமாதிரி ஓடுது” என்று சொல்லி முழு மதிப்பெண் போட்டார். நான் வாய் திறக்கவில்லை. அன்று எவருக்கும் கேடில்லை, கரப்பான்பூச்சியைத் தவிர.

இப்போது அப்படியில்லை. விழா ஞாயிற்றுக்கிழமை. அடுத்த நாள் காலையில் கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்துக்கு விரிப்புகள் போவதாக இருந்தது. அங்கே குளியலறைக்கு இறங்கும் சாய்தளம் ஒன்று உண்டு. என் பெயரைப் பார்த்தே அவ்வில்லத்தார் கேட்டு வாங்கினார்கள்.

அந்த வாரம் மகள் வள்ளி டெங்கில் நகரிலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்தாள். கணினித் துறையில் வேலை. அவளிடம் சொன்னேன்.

“அப்பா, இதுக்குப் போய் இவ்ளோ டென்ஷனா? எல்லா புராடக்ட்லயும் இருக்கும் லா. ஃபங்ஷன் முடியட்டும். அப்பறம் வெர்ஷன் டூன்னு சொல்லி மாத்திருங்க. யாரும் கேக்க மாட்டாங்க.”

“முதியோர் இல்லத்தில் ஒருவர் விழுந்தால்?”

“கைப்பிடி இருக்கும்தானே?”

அவள் தீயவள் அல்லள். அவளுடைய தொழிலில் பிழைகளுக்கு எண் கொடுத்து அடுத்த பதிப்பில் களைகிறார்கள். ஒருவருக்கும் எலும்பு முறிவதில்லை. பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் மட்டும் நிமிர்ந்து, “தாத்தா, யுவர் ஃபிஷ் டோன்ட் நோ ஹவ் டு கம் டவுன் ஆ?” என்று கேட்டாள். மீனுக்குத் தெரியும், தாத்தாவுக்குத்தான் தெரியாது என்று தமிழில் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ, சிரித்தாள்.

என் மனைவி மெய்யம்மை சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டே, “என்னங்க, உங்களுக்குத் தூக்கம் வரணும்னா சொல்லிருங்க. வேற வழி ஒண்ணும் இல்ல” என்றார்.

5

மறுநாள் தெலுக் பங்லிமா காராங் சென்றேன். ஹாஜியார் அலுவலகத்தில் தே தாரிக், நம் ஊர் ஆற்றிய பால் தேநீர் போன்றது, வரவழைத்தார். நான் எழுதி எடுத்துச் சென்ற இரண்டு பக்கங்களைப் படித்துக் காட்டினேன். ஏறும்போது மனிதன் பாதத்தை மெல்லப் பதிக்கிறான். விரிப்பின் கிண்ணக் குழிகளிலிருக்கும் நீர் வெளியேற நேரம் கிடைக்கிறது. இறங்கும்போது குதிகால் திடீரென்று விழுகிறது. நீர் குழிகளுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. கால் அதன்மீது வழுக்கிப் போகிறது. தொழிற்சாலைச் சோதனையிலும் எடையை மெல்ல இறக்கி, பிறகு இழுத்துத்தான் பார்த்தோம். அப்படிச் செய்யுமாறு எழுதிக் கொடுத்தவன் நானே.

ஹாஜியார் பொறுமையாகக் கேட்டார். பிறகு பக்கங்களை மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

“புரொபசர், நீங்க ரொம்ப நேர்மையான ஆளு. அதான் ஒரு தடவ கால் சறுக்குனதும் இப்படி யோசிக்கிறீங்க. செருப்பு பழசா இருந்திருக்கும்.”

“செருப்பு புதியது.”

“அப்ப பலகை. டெஸ்ட் ரிப்போர்ட் என் மேசையில இருக்கு, எல்லாம் பாஸ். உங்க பேரு போட்டதுனாலதான் அவங்க மறுபேச்சு இல்லாம வாங்குனாங்க. அந்தப் பேர நீங்களே கெடுத்துக்கிட்டா நான் எந்த முகத்தோட போயி நிக்கிறது? விழா நல்லபடியா முடியட்டும். இன்ஷா அல்லாஹ், அப்பறம் உக்காந்து பேசுவோம்.”

என்மீது மதிப்பில்லாதவர் என்றால் நான் சினந்திருக்கலாம். மதிப்பின் பொருட்டே மறுப்பவரிடம் என்ன சொல்வது? வாழ்நாளெல்லாம் சேர்த்த பெயர் அன்று என் பேச்சுக்குக் குறுக்கே கதவைச் சாத்திக்கொண்டு நின்றது.

6

விழா மண்டபம் நிறைந்திருந்தது. நுழைவாயிலில் நான் சாய்பலகை ஏறும் படம், ஆளுயரத்தில். நாதஸ்வரம், மாலை, பொன்னாடை, வாழ்த்துமடல் எல்லாம் முறைப்படி நடந்தன. ‘உயிரியக்கச் செம்மல்’ என்று பட்டமும் வழங்கினார்கள். ஏற்புரைக்கு எழுந்தேன். என் உரைகள் நீளமானவை என்ற பெயர் உண்டு. அன்று நான்கே வாக்கியங்கள் சொன்னேன்.

“இம்மீன் இறங்குவதை நான் ஒருநாளும் கண்டதில்லை. காணாததைக் கண்டவன்போல் உறுதி கூறினேன். இந்த விரிப்பு ஏறுவோரைத் தாங்குகிறது, இறங்குவோரை வழுக்கிவிடுகிறது. இதை விரித்த இடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், விரிக்கவிருக்கும் இடத்துக்கு அனுப்பக் கூடாது.”

முதல் வரிசையில் ஒருவர் கைதட்டினார். மண்டபம் முழுவதும் தட்டியது. கதிரேசன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, “பாத்தீங்களா! இவ்ளோ பெரிய சாதனைய செஞ்சிட்டு, ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்றாரு. இதுதாங்க பெரியவங்க குணம்!” என்றார். மீண்டும் கைதட்டல்.

“நான் பணிவுக்காகச் சொல்லவில்லை” என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

“விரிப்பு பழுதானது!” என்றேன். குரல் சற்று உயர்ந்துவிட்டது. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஹாஜியார் மேடையில் தலைகுனிந்தபடி புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

அதுவரை எந்த அவையும் என் சொல்லை ஐயுற்றதில்லை. அன்றுதான் முதன்முறை, அதுவும் நான் கூறியது முழு உண்மையாக இருந்தபோது. காலையில் லோரி புறப்பட்டுவிடும். இனி என்ன சொன்னாலும் அது என் பெருந்தன்மைக் கணக்கில்தான் சேரும். பின் வரிசையில் மணியமும் சரசுவும் உட்கார்ந்திருந்தார்கள். மணியத்துக்கு அழைப்பிதழ் கொடுத்திருந்தேன். அவர் தம் மனைவியையும் அழைத்து வந்திருந்தார். வேறு வழி தோன்றவில்லை.

“என் சொல்லை நம்பாதவர்கள் அந்த அம்மையாரைக் கேளுங்கள்” என்றேன்.

சரசு முதலில் எழவில்லை. மணியம் தோளில் தட்டினார். பட்டுப்புடவையைச் சரிசெய்துகொண்டு நடந்து வந்தார். கதிரேசன் தயங்கித் தயங்கி ஒலிவாங்கியைக் கொடுத்தார்.

“வணக்கம். நான் சரசு. போர்ட் கிள்ளான் மீன் ஜெட்டியில வேல. எனக்குப் பேசத் தெரியாது. சார் சொல்றது நெசம். நீங்க எல்லாரும் எதுக்குக் கைதட்டுறீங்கன்னு எனக்குப் புரியல.”

ரவிக்கையின் இடது கையை மடித்து முழங்கையைக் காட்டினார். ஆறிய காயம் ஒன்று நீளமாக இருந்தது. அதை நான் அதற்கு முன் பார்த்திருக்கவில்லை.

“மேட் போட்ட மொத வாரமே விழுந்தேன். சார்கிட்ட சொல்லல. டாக்டர் செஞ்சதாச்சே, நம்ம கால்லதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். அப்பறம் லெச்சுமி விழுந்தா. அப்பறம் பாக்கியம். ஒரே ஜெட்டியில மூணு பேரு காலும் கோளாறுன்னா எப்படி?”

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“நாங்க விழுந்தா எந்திரிச்சிருவோம். நாளைக்கு வயசானவங்க இருக்குற எடத்துல போடப் போறீங்களாமே. அவங்க விழுந்தா எந்திரிக்க மாட்டாங்க. அவ்ளோதான் சொல்ல வந்தேன்.”

ஒருவரும் கைதட்டவில்லை. ஹாஜியார் எழுந்து, என்னைப் பார்க்காமல் சரசுவைப் பார்த்து, “அம்மா, நாளைக்கு லோரி போகாது. ஜெட்டி மேட்டையும் காலையில ஆள் வந்து எடுத்துருவாங்க” என்றார். அங்கேயே நின்று கைப்பேசியில் தொழிற்சாலைக்கும் சொன்னார். பிறகு என்னிடம் வந்து, “புரொபசர், மன்னிச்சிருங்க. நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும்” என்றார். முதன்முதலில் அவர் கேட்ட கேள்வியை நானல்லவா கேட்டிருக்க வேண்டும் என்று பதில் சொன்னேன்.

பொன்னாடையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அதற்கும் தட்டியிருப்பார்கள். விருந்தில் உணவு நன்றாக இருந்தது. சரசு இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கியதை, என் மனைவி அன்றைய நாளின் நல்ல நிகழ்ச்சியாக இன்றும் சொல்கிறார்.

7

ஆக, மீன் எப்படித்தான் இறங்குகிறது? அதைப் பார்க்காமல் புதிய விரிப்பைப் பற்றிப் பேசும் உரிமை எனக்கில்லை. புதிய அனுமதிக்காகப் படிவம் நிரப்பிக்கொண்டு வனத்துறை அலுவலகம் சென்றேன். முகப்பில் இருந்த மலாய்ப் பெண்மணி என்னை நன்கறிந்தவர். நேரத்தைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

“எப்போதும் இரண்டு மணி நேரந்தானே கேட்பீர்கள், ஐயா? இதில் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறதே. அவ்வளவு நேரம் என்ன செய்வீர்கள்?”

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என் மலாய் மொழி சட்டம் படித்தவரின் மலாய்போல் விறைப்பாகவே இருக்கிறது. “மீன் இறங்குவதற்காகக் காத்திருப்பேன்” என்றேன்.

“எங்கிருந்து இறங்கும்?”

“மரத்திலிருந்து.”

அவர் என்னை ஒருமுறை நோக்கினார். பக்கத்து இருக்கைக்காரரை நோக்கினார். பிறகு காரணம் என்ற கட்டத்தில் ‘ஆய்வு’ என்று தாமே எழுதி முத்திரை வைத்தார். நல்ல பெண்மணி.

காலை ஏற்றத்தில் மணியத்தோடு ஓடைக்குள் போனேன். மெய்யம்மை புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தார். ஏற்றம் நின்றது. முதன்முறையாக நாங்கள் திரும்பவில்லை. நீர் வடிந்தது, படகு மெல்லச் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்தது. கொசுக்களைப் பற்றி மணியம் சொன்னது மிகையன்று.

எங்கள் எதிரே வேர் ஒன்றில், முழங்கால் உயரத்தில் ஒரு மீன் இருந்தது. நீண்ட நேரம் அசையவில்லை. பிறகு, தலை மேல்நோக்கியபடியே, பின்பக்கமாக இறங்கத் தொடங்கியது. முதலில் வாலை ஊன்றியது. அடுத்து வயிற்றுக் கிண்ணத்தின் பின்விளிம்பை மட்டும் வேரில் வைத்தது. அப்படியே ஒரு கணம் நின்றது. முன்விளிம்பின் அடியிலிருந்து நீர் மெல்லிய கோடாக வழிந்தது. நீர் முழுதும் போனபின்தான் கிண்ணத்தை அழுத்தியது. மறுபடியும் வால், மறுபடியும் பின்விளிம்பு. ஏறுவதைவிட நான்கு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டது. கிண்ணத்திலிருந்து நீர் போக ஒரு வழி விட்டுவிட்டே அது காலூன்றுகிறது. என் விரிப்பின் குழிகளுக்கு அந்த வழி இல்லை.

மணியம் புளிச்சோற்றைப் பிசைந்தபடி எட்டிப் பார்த்தார்.

“இதுக்குத்தானா சார் இவ்ளோ நேரம்? தண்ணி வத்துனதும் நண்டு புடிக்க வர்றப்ப நாங்க தெனம் பாக்குறதுதான். பயலுக, பொண்ணு வீட்டுக்கு மாப்பிள்ள வர்ற மாதிரி வெக்கப்பட்டுக்கிட்டே எறங்குவானுக.”

“இத்தனை ஆண்டுகளில் ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

“நீங்க ஏறுறதத்தான சார் கேட்டீங்க?”

அன்று மாலை வரை பதினொரு மீன்கள் இறங்கக் கண்டேன். நீர் மீண்டும் வந்து படகைத் தூக்கியபோது, இன்னும் சற்று நேரம் இருக்கலாமே என்று தோன்றியது.

8

ஹாஜியார் அச்சை மாற்றினார். இப்போது ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் மயிரிழை போன்ற ஒரு வாய்க்கால் இருக்கிறது. குதிகால் எவ்வளவு வேகமாக விழுந்தாலும் நீர் அதன்வழி ஓடிவிடுகிறது. துண்டறிக்கைக்கு வாசகம் கேட்டார். நான் தரவில்லை. முதலில் ஜெட்டியில் ஒரு மாதம் கிடக்கட்டும், ஏறுவதையும் இறங்குவதையும் அங்குள்ளவர்கள் சொன்ன பிறகு எழுதலாம் என்றேன்.

சென்ற வாரம் அந்த ஒரு மாதம் முடிந்தது. கையில் குறிப்பேட்டோடு சாய்பலகையின் கீழ்முனையில் நின்றேன். சாக்குகள் இல்லை. படகுகளுக்குப் பனிக்கட்டி இறக்கும் நேரம். மேலிருந்து சரசு இரு கைகளாலும் ஒரு பெட்டியை அணைத்தபடி வந்தார். கைப்பிடிக் கம்பியைப் பிடிக்க அவரிடம் கையே இல்லை. படகிலிருந்த மணியத்தைப் பார்த்து, “கயிறு வாங்கிட்டு வாங்கன்னு எத்தன தடவ சொல்றது? காதுல என்ன அடச்சு வச்சிருக்கீங்க?” என்று உரக்க ஏசிக்கொண்டே, மீன்நீர் வழிந்தோடும் பலகையில் குதிகால் அதிர இறங்கினார். ஒருமுறைகூடக் காலடியைப் பார்க்கவில்லை.

எப்படி இருக்கிறது என்று கேட்பதற்காக ஓரடி முன்னே வைத்தேன்.

“சார், வழிய விடுங்க லா. ஐஸ் உருகுது” என்றார்.

விலகி நின்றேன்.